கேள்விச் சொல் வந்தால் அது கேள்வியா?

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் உட்காரும் இடத்தில் எழுவாயும் வினையும் கொண்ட ஒரு தொடரே வந்து உட்கார்ந்தால், அதுதான் நவுன் கிளாஸ். 'ஐ நோ ஹிஸ் அட்ரஸ்' என்பதில் கடைசி இரண்டு சொற்களை எடுத்துவிட்டு 'வேர் ஹி லிவ்ஸ்' என்று வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் 'ஐ நோ வேர் டஸ் ஹி லிவ்' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் 'அவன் எங்கே இருக்கிறான்?' என்பதோடு 'என்று தெரியும்' சேர்த்தால் போதும், உள்ளே எதுவும் மாறாது. ஆங்கிலம் அப்படி இல்லை. கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போனதும் 'டஸ்', 'டிட்' கழன்றுவிடும். எழுவாய் முதலில், அப்புறம் வினை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

நவுன் கிளாஸைத் தொடங்கிவைக்கும் இணைப்புச் சொற்களில் 'தட்' செய்தி சொல்லும். 'ஐ திங்க் ஹி இஸ் ரைட்' என்பதுபோல அதை விட்டுவிடவும் செய்யலாம். ஆனால் 'தட் ஷி வன் சர்ப்ரைஸ்ட் எவ்ரிஒன்' என்று முதலில் வந்தால் விடவே கூடாது. ஆமா இல்லையா என்ற ஐயத்துக்கு 'இஃப்', 'வெதர்' இரண்டும் சரி. ஆனால் 'இட் டிபென்ட்ஸ் ஆன்' போன்றவற்றுக்குப் பிறகு 'வெதர்' தான்.