தடைக்காலத்துக் குறிப்புகள்

ஜூலை 9, நைட்

மழை. மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குப் போக முடியாது. கொல்லங்கோடு பக்கத்து மீன்பிடிக்கிற ஆளை எங்க மனநல வார்டுக்கு மறுபடியும் கொண்டு வந்துட்டாங்க. உறக்கமே இல்லை. ஊர்ல ஆளுக்கொரு விசைப்படகு வாங்கிக் கொடுக்கப் போறாராம். "சிஸ்டர், உனக்கு என்ன கலர் வேணும்?" பயிற்சிக்கு வந்த பிள்ளை முந்திக்கிட்டு "நீலம்"ன்னுது. வெளியே கூட்டிட்டுப் போய்ச் சொன்னேன்: அவர் சொல்றதுக்கு ஆமாவும் போடக் கூடாது, வாதாடவும் கூடாது. "படகு விஷயம் உறங்கி எழுந்தப்புறம் பேசலாம் அண்ணே, இப்போ தண்ணி குடிங்க." அவ்வளவுதான்.

ஜூலை 11

கொல்லங்கோட்டு அண்ணன் ஒரு இடத்துல இருந்து சாப்பிட மாட்டார். அதனால நடந்துகிட்டே தின்கிற மாதிரி: பழம், அவிச்ச மரச்சீனி, சுருட்டின சப்பாத்தி. தட்டை வச்சுட்டு "சாப்பிடல்லை"ன்னு நோட்டுல எழுதுறது நர்சிங் இல்லை.

ஜூலை 14

காலேஜ் பையன். நேத்து ராத்திரி ஹாலோபெரிடால்ங்கிற மனநோய் மருந்து ஊசி. இன்னைக்குக் கழுத்து ஒரு பக்கமா முறுகி, கண்ணு ரெண்டும் மேலே செருகிடுச்சு. நாக்கு தடிச்சுப் பேச்சு வரல்லை. அவன் அம்மா கையில மந்திரிச்ச கயிறோட அலறுது: "ஏறிட்டுது, ஏறிட்டுது!" டாக்டர் சொல்ல, முறுக்கை எடுக்க ப்ரோமெத்தசின் ஊசி போட்டேன். அரை மணி நேரத்துல கழுத்து நேராச்சு. இளவட்டப் பசங்களுக்கு ஹாலோபெரிடாலால இது வரும்னு முந்தின நாளே அந்த அம்மாகிட்ட யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த வெப்ராளம் இல்லை.

ஜூலை 15

பையன் தோசை கேட்டான்.

ஜூலை 18

கொல்லங்கோட்டு அண்ணனுக்கு லித்தியம், மனநிலையை நிதானப்படுத்துற மாத்திரை, திரும்பத் தொடங்கி ஒரு வாரம். நேத்து ராத்திரி மாத்திரை, இன்னைக்குக் காலை ரத்தம், இடையில 12 மணி நேரம். ரத்தத்துல லித்தியம் அளவு 0.8. நல்லது. 0.6-லிருந்து 1.0-க்குள்ள நின்னா போதும். 1.5 தாண்டினா விஷம்.

அப்புறம் உப்பு. அவர் அம்மாவுக்குப் பிரஷர், வீட்டுச் சமையல்ல உப்பே கிடையாது. "அவனுக்கும் அதுதான் நல்லது, மோளே." நான் எத்தனை விதமா சொல்லிப் பார்த்தேன்! உடம்புல உப்பு குறைஞ்சா கிட்னி லித்தியத்தையும் விடாமப் பிடிச்சு வச்சுக்கும், அளவு ஏறிடும். மாத்திரை அதேதான், உடம்பும் அதேதான், ரத்தத்துல அளவு மட்டும் ஏறும். தலையாட்டுது. புரிஞ்சுதான்னு தெரியல்லை. கடலுக்குப் போனா இன்னும் மோசம்: வெயில்ல வலை இழுத்து வேர்க்கும், குடல் புரண்டு வாந்தி வரும், குடிதண்ணி அளந்துதான். இடுப்பு வலின்னு கடையில வாங்கின டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வேற, அதுவும் லித்தியத்தை ஏத்தும். ஆழ்கடல்ல ரத்தம் எடுக்க யார் இருக்கா?

ஜூலை 22

கை சும்மா இருக்க முடியல்லைன்னு அண்ணன் வலை நூல் கேட்டார். வார்டுல கயிறு, பெல்ட், பைஜாமா நாடா எதுவும் கிடையாது. டாக்டர்கிட்ட கேட்டு, அளந்து கொடுத்து, பக்கத்துலேயே இருந்தேன். கட்டைவிரல்ல நூலைச் சுத்தி, ஊசியை அடியில விட்டு, சின்ன விரலால இழுத்து முடிச்சு. விரல் நுனியில மெல்லிய நடுக்கம், ஆனா ஒரு கண்ணிகூட பிசகல்லை. கையை நீட்டச் சொல்லி மேலே பேப்பர் வச்சுப் பார்க்கிறதை விட இது எனக்குத் தெளிவா இருந்துது. கை பெருசா ஆடினா, நடை தள்ளாடினா, வயித்தால போனா, லித்தியம் ஏறிட்டுதோன்னு சந்தேகம்; அன்னைக்கு மாத்திரையை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடணும்.

ஜூலை 23

நூல் ஒரு முழம் குறையுது. கட்டிலுக்கு அடியில கிடைச்சுது. கிடைக்கிற வரை என் உயிர் என்கிட்ட இல்லை.

ஜூலை 26

க்ளோசபின்ங்கிற மனநோய் மருந்து சாப்பிடுற அக்காவுக்குத் தலையணை நனைஞ்சு கிடந்துது. எச்சில் ஒழுகும், அது பரவாயில்லை. மலச்சிக்கலைத்தான் கேட்கணும், யாரும் வாய் திறந்து சொல்றதில்லை. முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம். தொண்டை வலி, காய்ச்சல்னா உடனே வெள்ளை அணு பார்க்கணும். அக்கா சொல்லுது: "எனக்கு ரத்தம் இருக்கிறதே உங்களுக்குத்தான் போல."

ஜூலை 29

எல்லாப் பேச்சும் தடை முடியறதைப் பத்தித்தான். 31 நடுராத்திரி.

ஜூலை 30

கொல்லங்கோட்டு அண்ணன் காலையில எழுதிக் கொடுத்துட்டார், போகணும்னு. தன் இஷ்டத்துல சேர்ந்தவர், தடுக்க முடியாது. 2017 மனநலச் சட்டப்படி, நிலைமையைப் பார்க்க 24 மணி நேரம் வரை மட்டும் நிறுத்தி வைக்கலாம். டாக்டர் நிறுத்தி வச்சிருக்கார். "நீயும் அவங்க கூடத்தானா?" பதில் சொல்லல்லை. ஆள் தெளிவாத்தான் இருக்கார், அதுதான் கஷ்டம். பைத்தியம் பிடிச்ச ஆசைன்னா வேற மாதிரி பேசலாம். இது தொழில்.

தாளில எழுதினேன்: தண்ணி, உப்பு, வாந்தின்னா மாத்திரை வேண்டாம், வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். பிளாஸ்டிக் கவர்ல ஒட்டினேன். படகு மொதலாளிகிட்டேயும் ஒரு தாள் கொடுக்கலாமான்னு கேட்டேன். "வேண்டாம் மக்களே, தெரிஞ்சா ஏத்த மாட்டான்."

ஜூலை 31

ராத்திரி ரெண்டு தடவை வயித்தால போச்சாம். அம்மா இப்பத்தான் சொல்லுது. காலை மாத்திரையை நிறுத்தி ரத்தம் எடுத்தாச்சு. தேங்காப்பட்டணம் துறைமுகத்துல படகுல ஐஸ் ஏத்திக்கிட்டிருக்காங்கன்னு அவர் தம்பி போன்ல கத்துறான். ரிப்போர்ட் இன்னும் வரல்லை. லேப்ல போய்