கொள்ளிடத்தில் வெண்கெண்டை தேடும் நாட்கள்

மே 21

அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடம் வெறும் மணல். மடுவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர். வெண்கெண்டை காவிரியின் சொந்த மீன். போன ஐப்பசியில் நாங்கள் ஆற்றில் விட்ட அதன் குஞ்சுகளுக்கு இதுதான் முதல் கோடை. உடன் வரும் மீனவப் பெரியவர் ஆறு தடவை வலை வீசினார். ஜிலேபி மீன் கூடை நிறைய வந்தது, வெண்கெண்டை மூன்றுதான். மூன்றுக்கும் இடது இடுப்புத் துடுப்பின் நுனி இல்லை. விடும்போது நாங்களே கத்தரித்து அடையாளம் வைத்தோமே, அந்த மீன்கள்தான். பிழைத்துக் கிடக்கின்றன என்று பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

ஜூன் 13

இன்று வலை இல்லை, பேச்சுதான். "என் தாத்தா காலத்துல உல்லம் ஏறி வரும் தம்பி" என்றார் பெரியவர். கடலிலிருந்து வரும் அந்த மீனை 1836-இல் இந்த அணைக்கரையில் கட்டிய கீழணை மறித்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, புது வெள்ளம் எப்போது வரும் என்பதும் ஆற்றின் கையில் இல்லை. வெண்கெண்டை முட்டையிடுவதோ மழைக்கால வெள்ளத்தில். குஞ்சு விட்டால் மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கரையில் காதோலை கருகமணியோடு பெண்கள் கூட்டம். கொள்ளிடத்தில் செம்மண் நிறத்தில் வெள்ளம். இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. முட்டையிடுகிற நேரம்.

செப்டம்பர் 9

ஆய்வுக்கூட்டம். முதல் கேள்வியே எத்தனை குஞ்சு விட்டீர்கள் என்பதுதான். அது செலவுக் கணக்கு. ஆற்றிலேயே பிறந்தது எத்தனை என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். சரி, என் நோட்டில் அந்தப் பத்தியை இன்றே போட்டுவிட்டேன்.

அக்டோபர் 18

வெள்ளம் வடிந்து, கரையோரப் புல்லடியில் சின்னக்கண்ணி வலை. விரல் நீளக் குஞ்சுகள் ஏழு. உடன் வந்த பையன் எல்லாவற்றையும் வெண்கெண்டை என்று எழுதப் போனான், தடுத்தேன். கங்கைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த மிர்காலும் இதே வெள்ளி நிறம்தான். ஈரக் கையில் ஒவ்வொன்றாக எடுத்து, லென்ஸ் வைத்து வாயைப் பார்த்தோம். ஐந்துக்கு மீசை ஒரே ஜோடி, மிர்கால். இரண்டுக்கு மட்டும் மூக்கடியில் ஒரு ஜோடி, வாயோரம் மயிரிழை போல இன்னொரு ஜோடி. முதுகுத் துடுப்பும் முன்பக்கம் உயர்ந்து நின்றது. வெண்கெண்டை.

துடுப்பு வெட்டுப்படவில்லை. வெட்டியது வளர்ந்திருந்தால் முள் கோணலாக இருக்கும், இவற்றுக்கு நேராக இருந்தது. அதோடு, போன வருஷம் விட்டவை இந்நேரம் விரல் நீளத்தில் நிற்காது. இந்த வருஷம் எங்கேயும் புதிதாக விடவும் இல்லை. அப்படியானால் இந்த வெள்ளத்தில் பிறந்தவைதான். பெற்றவை நாங்கள் விட்டவையா, முன்பே ஆற்றில் இருந்தவையா என்று துடுப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிடமும் ஆளுக்கொரு சின்னச் செதில் எடுத்துக்கொண்டோம், அதன் மரபணுவை வைத்துப் பார்க்கலாம்.

அளந்தோம்: 7.2, 6.8 சென்டிமீட்டர். பெரியவர் அன்னக்கூடையைத் தண்ணீரில் அமிழ்த்திச் சாய்த்தார். ஒன்று உடனே போய்விட்டது. மற்றது அவர் விரலிடுக்கில் சற்று நேரம் நின்று வாயசைத்துவிட்டுப் புல்லுக்குள் நுழைந்தது.