திறந்து விடாத சேலைன்

நான் கொழும்பில் அம்புலன்ஸில் வேலை செய்பவன். அடிபட்ட அப்பாவுக்குச் சேலைனை (நரம்பில் ஏற்றும் உப்புநீரை) ஏன் திறந்து விடவில்லை என்று ஒரு மகன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியானதுதான். இன்றைக்கு அதே நோயாளி வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனாலும் டியூட்டி முடிந்து பஸ்ஸில் சும்மா இருக்கும்போது அந்தப் பேச்சு திரும்பத் திரும்ப மனதில் வந்து நிற்கிறது. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தெளியும் என்று நினைக்கிறேன்.

புறக்கோட்டையில், பின்னுக்கு எடுத்த லொறிக்கும் கடைச் சுவருக்கும் நடுவில் அகப்பட்ட ஒரு நாட்டாமை (மூட்டை தூக்கும் தொழிலாளி). வயது ஐம்பதைத் தாண்டியவர். வெளியில் ரத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. எங்கள் வேலையில் இருப்பவர்கள் பயப்படுவது இந்த மாதிரிக் காயத்துக்குத்தான். கையில் காலில் வெட்டு என்றால் அழுத்திப் பிடிக்கலாம், இறுக்கிக் கட்டலாம். இடுப்புக்குள் ஓடும் ரத்தம் லீட்டர் கணக்கில் உள்ளேயே தேங்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் மட்டத்தில் பட்டியை இறுக்கிக் கட்டி, ஆளை உருட்டாமல், உடம்பு குளிராமல் போர்த்தி, கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழி.

மகனுக்கு இருபது வயது இருக்கும். பக்கத்துத் தெருவில் வேலை செய்பவன், ஓடி வந்து வண்டியில் ஏறிக்கொண்டான். அப்பாவின் முகம் வெளிறிக்கொண்டே போவதையும், மேலே தொங்கும் சேலைன் ஓடாமல் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஏன் அண்ணா அதத் தொறந்து விடாம வச்சிருக்கீங்க?”

“நாடி இருக்கு தம்பி. கூடப் போட்டா நல்லதில்ல.”

“அப்ப ரத்தம் போடுங்க.”

“ரத்தம் வண்டியில இல்ல. ஆஸ்பத்திரியிலதான்.”

உடனே சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினான். “எனக்கும் அப்பாவுக்கும் ஒரே குரூப். எனக்கிட்ட இருந்து எடுங்க.”

“அப்படி எடுக்க ஏலாது.”

பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பிரஷர் குறைவுதான், 90க்குக் கீழே இருந்தது. ஆனால் மணிக்கட்டில் நாடி தட்டுப்பட்டது, பெயர் கேட்டால் சொன்னார். போனில் டொக்டரிடமும் கேட்டுக்கொண்டேன், சேலைனைத் திறந்து விட வேண்டாம் என்றுதான் அவரும் சொன்னார். சேலைன் ஒக்சிஜனைச் சுமக்காது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய எதுவும் அதில் இல்லை. அதை அள்ளி ஊற்றுவது கறிக்குத் தண்ணீர் விட்டுப் பெருக்குவது போலத்தான். மிச்சமிருக்கும் ரத்தமும் நீர்த்துப் போகும். பிரஷர் ஏறினால் உள்ளே அப்போதுதான் பிடித்திருக்கும் உறைவு பெயர்ந்துவிடலாம். உடம்பும் குளிரும். குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது, உறையாவிட்டால் இன்னும் போகும், போகப் போக ரத்தத்தில் அமிலம் கூடும், அது உறைவதை இன்னும் கெடுக்கும். இந்தச் சுழலுக்குள் விழுந்த ஆளை மீட்டெடுப்பது மிகவும் கஷ்டம்.

இவ்வளவு காரணம் இருந்தும் எனக்கு முழு நிம்மதி இல்லை. சேலைனை அளவாகக் கொடு என்று எங்களுக்குச் சொல்லித்தரும்போது முதலில் காட்டுவது 1994இல் ஹூஸ்டனில் 598 பேரை வைத்துச் செய்த ஆய்வை. ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகும்வரை சேலைன் கொடுக்காமல் வைத்தவர்களில் அதிகம் பேர் பிழைத்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் உடம்பில் கத்திக் குத்தும் துப்பாக்கிச் சூடும் பட்டவர்கள். என் ஆள் லொறியில் நசுங்கியவர். இரண்டும் ஒன்றா? பெரும்பாலும் ஒரே நியாயம்தான் என்று டொக்டர்மார் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். அந்தப் ‘பெரும்பாலும்’ வண்டிக்குள் அவன் முகத்தைப் பார்க்கும்போது போதவில்லை.

ரத்தம் போடுங்க என்று அவன் கேட்டதில் தவறே இல்லை. ரத்தம் போகிற ஆளுக்கு வேண்டியது ரத்தம்தான். லண்டனில் ஹெலிகொப்டரில் போகும் மருத்துவக் குழு 2012இலிருந்து ரத்தத்தைக் கையோடு கொண்டுபோகிறது. அப்படியானால் கொழும்பில் ஏன் கூடாது என்று நானும் வாதாடியிருக்கிறேன். பிரித்தானியாவில் 432 பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வைப் படித்த பிறகு என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. வழியிலேயே சிவப்பணுவும் பிளாஸ்மாவும் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) கொடுத்தவர்களுக்கும் வெறும் சேலைன் கொடுத்தவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவில் 2018இல் வந்த இரண்டு ஆய்வுகளில், ஹெலிகொப்டரில் பிளாஸ்மா கொடுத்தது உயிரைக் காத்தது. டென்வர் நகரத்துக்குள் அம்புலன்ஸில் கொடுத்தது பலன் தரவில்லை. அங்கே ஆஸ்பத்திரி கிட்ட இருந்தது.

கொழும்பிலும் கிட்டதான். எங்கள் பைலட் (வண்டி ஓட்டுபவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இதைத்தான் சொல்வார்: இந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ரத்தம் எதற்கு? பின்னேரம் மருதானைப் பக்கம் பாதை அடைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் கணக்கு எனக்குப் பொருந்துவதில்லை. சைரன் போட்டாலும் ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்குவார்கள்.

ஆனால் ரத்தத்தை வண்டியில் வைப்பதும் லேசான காரியமில்லை. 2இலிருந்து 6 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், அதுவும் இந்த ஊர் வெயிலில். யாருக்கும் கொடுக்கக் கூடியது ஓ நெகடிவ். நம் நாட்டில் நெகடிவ் ஆட்கள் சொற்பம். வண்டியில் கிடந்து ஒரு பை பழுதானால், எங்கோ வெசாக் ரத்ததான முகாமிலோ, கோயில் மண்டபத்திலோ, பள்ளிவாசலிலோ காசு வாங்காமல் ஒருவர் கொடுத்தது வீணாகிறது. அதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

மகனுடைய கைக்கு வருகிறேன். எடுத்த ரத்தத்தை எச்ஐவி, ஹெபடைட்டிஸ், சிபிலிஸ், மலேரியா என்று பரிசோதிக்காமல் கொடுப்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, சொந்தப் பிள்ளையின் ரத்தம் அந்நியருடைய ரத்தத்தைவிட ஆபத்தாகலாம் என்பது. நெருங்கிய உறவு என்பதால் அந்த வெள்ளணுக்களை அப்பாவின் உடம்பு அந்நியமாகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அவை உள்ளே பெருகி அவருடைய தோலையும் ஈரலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். அரிதாக நடப்பது, ஆனால் வந்தால் அநேகமாக ஆள் தப்புவதில்லை. அதனால்தான் உறவினரின் ரத்தம் என்றால், அந்த வெள்ளணுக்கள் பெருகாதபடி கதிர்வீச்சுக் கொடுத்த பிறகே ஏற்றுவார்கள்.

‘உன் ரத்தம் உன் அப்பாவைக் கொல்லக்கூடும்’ என்று ஓடும் வண்டியில் ஒரு பிள்ளையிடம் சொல்வதா? சொல்லாமல் ‘ஏலாது’ என்று நிறுத்தியது நல்லதுதான் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் வேறு மாதிரி. போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொள், அப்பாவைப் பேச வை என்று அந்தக் கைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கலாம். உடம்புச் சூடு காப்பது சும்மா ஆறுதலுக்குச் சொல்லும் வேலையும் இல்லை.

அவரை நாடியோடு ஒப்படைத்தோம், தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். எனக்குத் தெரிந்தது அதுவரைதான். அடுத்த அழைப்பு வந்துவிட்டது. வழியில் இருந்தே போன் பண்ணி, இடுப்பு உடைவு, ரத்தம் தேவைப்படும் என்று சொல்லியிருந்தேன். வண்டியில் ரத்தம் இல்லாத ஊரில் என் கையில் இருக்கும் மிகப் பெரிய மருந்து அந்த போன்தான் என்று இப்போது நினைக்கிறேன். நாங்கள் வாசலுக்கு வரும்போது ரத்தம் ரத்த வங்கியை விட்டுக் கிளம்பியிருந்தால், அது எத்தனையோ நிமிடம் மிச்சம்.

இப்போதெல்லாம் அந்த போனைக் கூட வருபவரின் காதில் விழும்படியே பேசுகிறேன். சேலைனை ஏன் மெதுவாக விடுகிறேன் என்பதையும் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். இது அவர்களுக்கு உதவுகிறதா, எனக்கு உதவுகிறதா, தெரியாது. அண்மையில் ஒரு அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ரத்தத்த இங்கயே கொண்டு வந்தா என்ன தம்பி?” என்றார். டென்வரையும் 432 பேரையும் அவரிடம் எப்படிச் சொல்வது. “சொல்லியாச்சு அம்மா, ரெடியா வச்சிருப்பாங்க” என்றேன். அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்கும் தெரியும்.