இரண்டு எடை மெஷின்

அப்பாவுக்கு இடது பக்கம் வாதம் வந்து மூன்றாவது மாதம். கைத்தாங்கலாக நாலு அடி நடப்பார். அதையே பெரிதாக நினைத்துக்கொண்டு, தினமும் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் போவதுதான் பயிற்சி என்று இருந்தேன். வீட்டுக்கு வந்த பிசியோ அதைப் பார்த்ததும் முதலில் நடையை நிறுத்தச் சொன்னார். அப்புறம் இரண்டு எடை மெஷின் கேட்டார். ஒன்று பக்கத்து வீட்டில் வாங்கியது, உயரம் குறைச்சல், அடியில் அட்டை வைத்துச் சமன் செய்தோம்.

சுவரை ஒட்டி, மெஷினுக்கு ஒரு காலாக நிற்க வைத்தார்.

"நேராத்தானே நிக்கிறீங்க?"

"நேராத்தான் நிக்கிறேன்." அப்பா குரலில் கொஞ்சம் கோபம்கூட.

வலது 47, இடது 15.

அந்த 15தான் விஷயமே. வலது காலைத் தூக்கி வைக்கிற அந்தக் கண நேரம் மொத்த உடம்பையும் இடது கால் ஒற்றையாகத் தாங்க வேண்டும், தாங்காது என்று பயந்து வலது கால் அவசரமாகக் குட்டி அடி வைத்து இறங்கிவிடுகிறது, இடது காலோ முட்டி சரியாக மடங்காமல், தொங்குகிற முன்பாதம் தரையில் இடறாமலிருக்க இடுப்பிலிருந்தே அரைவட்டம் போட்டு வருகிறது. இத்தனை நாள் இந்த நடையைத்தான் நான் அவருக்குப் பழக்கியிருக்கிறேன்!

இப்போது பாதி நேரம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான். இடது பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்துவிட்டு எழுந்தால் பாரம் அந்தக் காலுக்குப் போகிறது, ஏமாற்ற முடியாது. சலிக்கச் சலிக்க எழ வேண்டும். அடுத்து வலது காலைச் சின்ன முக்காலி மேல் வைத்து நிற்பது. நான் அவருக்கு இடப் பக்கம் நின்று இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்கிறேன். வாதம் வந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாதாம், தசை தளர்ந்த தோள் மூட்டு எளிதாக இறங்கிவிடும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஊன்றுகோல் வலது கையில். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "வாதம் வந்த பக்கந்தானே பிடிக்கணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். இல்லை, நல்ல கையில்தான்.

போன வாரம் இடது 24. அப்பாவுக்கு எண்ணைப் பார்க்கிற ஆசை, குனிந்தால் சாய்ந்துவிடுகிறார். அதனால் எதிர்ச் சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நானே சத்தமாகப் படிக்கிறேன். ஒரு நாள் ஒரு கிலோ கூட்டிச் சொன்னேன், கண்டுபிடித்துவிட்டார்.