கரப்பான்பூச்சி இல்ல, பாப்பா

"அம்மா, உன் போன்ல கரப்பான்பூச்சி!"

காலைல தோள்மேல எட்டிப் பாத்துட்டு பொண்ணு கத்தினா. நான் பாத்துட்டிருந்தது சாதூரியா எண்டோமோன், நண்டு, இறால் வகையைச் சேந்த ஒரு கடல் ஜீவன். ரஷ்யாக்காரங்களும் அதை "கடல் கரப்பான்"னுதான் சொல்றாங்க, அவ கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு.

போட்டோவை பெருசாக்கி காட்டினேன். தட்டையான உடம்பு, வரிவரியா ஓடு, போகப்போக கூரா முடியிற வால். பொம்பளையா இருந்தா வயித்துக்கு அடியில ஒரு பையில குஞ்சுகளை சுமந்துட்டு திரியும்.

இது இருக்கிற இடங்கள்ல ஒண்ணு காரா கடல், சைபீரியாவுக்கு வடக்க. ஓப், யெனிசேன்னு ரெண்டு பெரிய ஆறும் சேந்து வருஷத்துக்கு 1000 கன கிலோமீட்டருக்கு மேல நல்ல தண்ணிய அங்க கொட்டுது, அதுல பெரும்பங்கு பனி உருகுற அந்த கொஞ்ச மாசத்துல.

மேல ஆத்துத் தண்ணி, கீழ உப்புத் தண்ணி, நடுவுல வண்டல் இறங்கிட்டே இருக்கும். அதைத் தாங்குற ஜீவன் ரொம்ப கம்மி. சாதூரியா தாங்கும், போர்ட்லாண்டியாங்கிற குட்டி சிப்பி தாங்கும், அது சேத்துக்குள்ள புதைஞ்சுகிட்டு அந்த சேத்தையே சலிச்சு சாப்பிடும். இன்னும் வடக்க போய் உப்பு நிலையானாதான் ஒல்லிக் கை கடல் நட்சத்திரங்க கடல் தரை பூரா படுத்திருக்கும்.

யூரேசியாவோட 6 பெரிய ஆறுகள்ல இருந்து ஆர்க்டிக் கடலுக்குப் போற தண்ணி 1936ல இருந்து 1999க்குள்ள 7 சதவீதம் கூடிருக்கு. நல்ல தண்ணி இன்னும் கூடினா அந்த சிப்பியால எந்திரிச்சு ஓட முடியாதேன்னு நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

பொண்ணு மறுபடி வந்து கேக்குறா, "அந்த குஞ்செல்லாம் எப்ப வெளிய வரும்?"