கழுமங்குடாவில் இரண்டு வருடம்

2019 தொடக்கத்தில் முதன்முதலாகக் கழுமங்குடா கரைக்குப் போனபோது, அதைக் கடல் என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு மனம் வரவில்லை. நான் சென்னைப் பக்கம் வளர்ந்தவன். கடல் என்றால் கண்ணில் படும் முன்பே காதில் விழ வேண்டும். இங்கே தென்னந்தோப்பைத் தாண்டினால் சேறு, அதற்கப்பால் பழுப்பு நிறத்தில் அசையாத தண்ணீர். படகு வெகுதூரம் தள்ளி நிற்கும். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு நீரில் நடந்தே போய் ஏறுவார்கள்.

ஊர்ப் பெயரிலேயே குடா இருக்கிறது. பாக் விரிகுடாவின் தஞ்சாவூர்க் கரையில், சேதுபாவாசத்திரம் பக்கத்தில் உள்ள சின்ன மீனவர் ஊர். கஜா புயல் அடித்து (2018 நவம்பர் 16) சில மாதங்களே ஆகியிருந்ததால், தோப்புகளில் பல மரங்கள் தலையில்லாமல் நின்றன. வடக்கே கொஞ்ச தூரத்தில் மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். படகில் போகும்போது கரையை அடையாளம் பார்க்க எனக்கு அது பெரிய துணை.

என் வேலை கடற்புல் கணக்கெடுப்பு. ஒப்பந்தப் பணி. அரை மீட்டர் சதுரச் சட்டத்தைக் கடலடியில் வைத்து, அதற்குள் எத்தனை தளிர், எவ்வளவு பரப்பு மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். கடற்புல் பாசி இல்லை. வேர், இலை, பூ எல்லாம் உள்ள தாவரம். இலை ஊசி மாதிரி உருண்டு இருப்பதும் உண்டு, ரிப்பன் மாதிரி தட்டையாக இருப்பதும் உண்டு, நகத்தளவு முட்டை வடிவில் இருப்பதும் உண்டு. படத்தில் பார்த்துப் படித்திருந்தேன். ஆனால் கலங்கிய தண்ணீருக்குள் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது.

உண்மையில் எனக்குப் புல்லைக் காட்டிக்கொடுத்தது கரையில் நண்டு வலை பிரிக்கும் பெண்கள்தான். விடிந்ததும் வலையைக் குவித்துப்போட்டு உட்காருவார்கள். கால் ஒடியாமல் நண்டை எடுப்பது ஒரு கை வேலை. கூடவே சிக்கி வரும் தாழையை (கடற்புல்லை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) உதறி ஒதுக்குவார்கள். அந்தக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு அக்கா, "தம்பி, இந்த ஊசித்தாழை வந்தா எங்க வீட்டுக்காரர் ஆழத்துல விட்டிருக்காருன்னு அர்த்தம். சின்ன இலை வந்தா கரையோரம்" என்றார். அன்றிலிருந்து தினமும் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டுத்தான் படகேறினேன். எங்கே சட்டத்தை இறக்கலாம் என்று அதுவே சொல்லிவிடும்.

விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. எங்கள் படகை ஓட்டிய பெரியவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பேசுவார். கருத்துத் தெரிந்தால் தாழை, வெளுத்தால் மணல், செம்மண் கலங்கல் என்றால் மழைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக இறங்குகிறது. இது கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. வயலில் நடப்பது கடலுக்குள்ளும் தெரியும். கலங்கல் நின்றால் வெயில் அடிவரை போகாது, புல் வாடும். இந்தக் குடாவைக் கரையில் நின்று பார்த்தால் பாதிகூடப் பார்த்ததாகாது என்று எனக்குப் புரிந்தது அவரோடு போன நாட்களில்தான்.

ஆவுளியாவை (கடல்பசு) நான் பார்த்ததே இல்லை. ஒரு நாளில் 30, 40 கிலோ புல் மேயும் பிராணி. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். அதனால் ஒன்று வலையில் மூச்சுமுட்டிச் செத்தாலும் பெரிய இழப்பு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசு கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. அப்போது நான் வேறு வேலையில், கடலே இல்லாத ஊரில் இருந்தேன். செய்தியைப் படித்ததும் அந்த அக்காக்களையும் பெரியவரையும் நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மார்ச் மாதக் காலை, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. பெரியவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே கை காட்டினார். புல்வெளிக்கு நடுவே, கையகலத்துக்கு, வளைந்து வளைந்து வெறும் மணல் கோடு ஒன்று போனது. புல்லை வேரோடு மேய்ந்த தடம். "நேத்து ராத்திரி வந்திருக்கு தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். நான் சட்டத்தை இறக்கவில்லை. அந்தக் கோடு முடிகிற இடம் வரை துடுப்பு போட்டே போனோம்.