தாவித் ராஜா படுத்திருக்கற வாசல்

ஆகஸ்ட் 9
ஜார்ஜியா நாட்டுல இருக்கற குத்தாய்ஸிக்குப் படிக்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த ஊர் ஏர்போர்ட்டுக்கே தாவித் அக்மஷெனெபெலின்னு பேரு, ஆனா அந்த ராஜா யாருன்னு இப்பதான் ஒழுங்கா படிக்க உக்காந்தேன். அக்மஷெனெபெலின்னா கட்டியெழுப்புனவர்னு அர்த்தம். 1089-ல பட்டத்துக்கு வந்தப்ப வயசு 16தான். அப்பா கியோர்கி உயிரோட இருக்கும்போதே மகன்கிட்ட கிரீடத்த குடுத்துட்டு ஒதுங்கிட்டாரு. கைக்கு வந்த ஜார்ஜியாவப் பாத்தா வயிறு கலங்குது, 1080-லேர்ந்து செல்ஜுக் துருக்கியர் படையெடுப்பு, சனங்க வயக்காட்ட விட்டுட்டு மலைக்கும் காட்டுக்கும் ஓடிட்டாங்க, இப்ப தலைநகரா இருக்கற திபிலிசியோ அப்ப சுமார் நானூறு வருஷமா முஸ்லிம் ஆட்சியில இருக்கு.

ஆகஸ்ட் 10
இவரு அவசரமே படல, அதான் எனக்குப் புடிச்சது. மொதல்ல சின்னச் சின்ன படைய வச்சு எதிரிய அடிச்சு வெரட்டி சனங்கள சமவெளிக்கு திருப்பிக் கூட்டிட்டு வந்தாரு, சிலுவைப்போர்க்காரங்க வந்து செல்ஜுக்குங்க கவனம் அந்தப்பக்கம் போனதும் கப்பம் கட்டறத நிறுத்துனாரு. சொந்த ஊரு பிரபுக்களயும் விடல. அப்புறம் வடக்கேர்ந்து கிப்சாக்குங்கற நாடோடி இனத்துக் குடும்பங்கள் 40,000-த்த வரவச்சு நிலம் குடுத்து குடியேத்துனாரு, குடும்பத்துக்கு ஒரு ஆள் படைக்கு. கட்டிக்கிட்ட குராந்துக்த் அந்த கிப்சாக் தலைவரோட பொண்ணுதான்.

படைகூட போகும்போது கோவேறு கழுதை, ஒட்டகம் மேல புஸ்தகத்த ஏத்திக்கிட்டு போவாராம். இதப் படிச்சதும் அந்த மனுசன் மேல ஒரு தனிப் பாசமே வந்துடுச்சு.

ஆகஸ்ட் 12
இன்னிக்கு திட்கோரி போர் நடந்த நாள். 1121 ஆகஸ்ட் 12, திபிலிசிக்கு மேற்கால மலைமேல, எதிர்ப்பக்கம் இல்காஸிங்கற துருக்கியத் தலைவர் தலைமையில பெரும்படை. 200 கிப்சாக் வீரங்க சரணடைய வர்ற மாதிரி கிட்டக்க போனதும் அம்பு விட ஆரம்பிச்சாங்களாம், அந்தக் கொழப்பத்துலயே ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பாய்ஞ்சிருக்காங்க. பட்டத்துக்கு வந்து 32 வருஷம் கழிச்சு கெடச்ச ஜெயிப்பு!

அடுத்த வருஷமே திபிலிசி கைக்கு வந்துச்சு. புடிச்சப்ப ஊர்ல ரத்தம் ஓடுனது நிஜம், அத மறைக்கக் கூடாது. ஆனா அப்புறம் அங்க இருந்த முஸ்லிம்களுக்கு வரிய கம்மி பண்ணாரு, அவங்க தெருவுல பன்னி வெட்டக் கூடாதுன்னு உத்தரவே போட்டாரு.

ஆகஸ்ட் 16
கெலாத்தி போயிட்டு வந்தேன், மார்ஷ்ருட்கான்னு சொல்ற மினி பஸ்ல கூட்டம், மலை ஏறுறவரைக்கும் நின்னுக்கிட்டேதான். 1106-ல தாவித் ஆரம்பிச்ச மடம், பக்கத்துலயே கல்விக்கூடமும் நடத்திருக்காரு. கூரையிலேர்ந்து மழைத்தண்ணி எறங்கி சுவரோவியம் கொஞ்சம் கெட்டுப்போனத பாக்கவே மனசு ஆறல.

பழைய தெற்கு வாசல்ல, நடக்கற எடத்துலயே அவரு கல்லறைக்கல்லு. உள்ள வர்றவங்க எல்லாரும் தன் நெஞ்சு மேல மிதிச்சுட்டுப் போகணும்னு அவரே ஆசப்பட்டாராம். 1125 ஜனவரி 24-ல கண்ண மூடுனாரு. கல்லுல கிரீடம் இல்ல, யுத்தம் இல்ல, இது என்னென்னைக்கும் நான் தங்குற எடம்னு பைபிள் சங்கீதத்துல வர்ற வரி மட்டும் பழைய எழுத்துல பெருசு பெருசா வெட்டிருக்கு. அதே வாசல்ல மகன் தெமெத்ரே 1139-ல காஞ்சா ஊர்லேர்ந்து தூக்கிட்டு வந்த இரும்புக் கதவு துருவேறி நிக்குது.

ஒரு பாட்டி முக்காட்ட சரி பண்ணிக்கிட்டு கல்லுகிட்ட குனிஞ்சு அந்த எழுத்த வெரலால தடவுனாங்க. அவரு சொன்னபடி மிதிச்சுப் போறதுதான் மரியாதைன்னு புத்திக்குத் தெரியுது, ஆனா காலு வரல. செவுத்த ஒட்டி ஓரமாவே நடந்து உள்ள போனேன்.